மிக்சர் உடைத்தவை

ஜூன் 10, செவ்வாய்

பூனை டாக்டர் எழுதிவைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். பூனை எப்போது என்ன செய்கிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கு நாங்கள் என்ன செய்தோம், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தால் வழி சொல்ல வசதியாக இருக்கும் என்றார் டாக்டர் சண்முகவடிவு. சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும்.

முதல் பக்கத்தில் வீட்டு விவரம் வேண்டுமாம். ஊர் பாளையங்கோட்டை. நான் ஹெப்சிபாய், பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். என் வீட்டுக்காரர் தவசிங், சொந்தமாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறார். மகள் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். பூனையின் பெயர் மிக்சர். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் அள்ளிக் கலந்தது போல இருப்பதால் இவர் வைத்த பெயர். போன ஐப்பசி மழையில் லேப் வாசலில் நனைந்துகொண்டு நின்றதைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி மிக்சரின் லட்சணங்கள். படுக்க மெத்தை போட்டுக் கொடுத்தால் வாஷ்பேசினுக்குள் சுருண்டு கிடக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, ஈரத் தரையை நக்கும். பிளாஸ்டிக் பையைக் கண்டால் கடித்து மெல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேஜை ஓரத்தில் எதை வைத்தாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலால் தள்ளி விடும். இந்த மாதம் மட்டும் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு ஊறுகாய் ஜாடி, இவருடைய மூக்குக் கண்ணாடி.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே வாலாட்ட விடாதவள் நான். ஒரு பூனை எம்மாத்திரம்.

ஜூன் 11, புதன்

விசில் ஊதிப் பார்த்தேன். பேனாவைத் தள்ளப் போன நேரத்தில் சரியாக ஊதினேன். மிக்சர் திரும்பிப் பார்த்தது, காதை ஒருமுறை மடக்கியது, பேனாவைத் தள்ளியது.

ஜூன் 14, சனி

டாக்டரிடம் மறுபடி போனேன். எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மேடம், அது தள்ளுனதும் நீங்க கத்திக்கிட்டே ஓடி வர்றீங்கல்ல, அதுதான் அதுக்குப் பரிசு. நீங்கதான் அதைப் பழக்கியிருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம் நியாயம்தான்.

அவர் சொன்னது: தள்ளினால் கண்டுகொள்ளக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னால் கயிறு காட்டி நன்றாக ஓடவிட வேண்டும். மேஜை ஓரமெல்லாம் இருபக்கமும் ஒட்டும் டேப் ஒட்ட வேண்டும், காலில் பிசுபிசுத்தால் அதற்குப் பிடிக்காது. தண்ணீரைக் கனமான அகலப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் தேங்க விட வேண்டும். பிளாஸ்டிக் பை கண்ணில் படவே கூடாது. விசிலை மிரட்ட ஊதாமல் சாப்பாடு வைக்கும்போது ஊதச் சொன்னார். கருத்தடை அறுவை செய்துவிட்டால் இன்னும் அடங்கும் என்று அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் கொடுத்தார்.

காலையில் ஒரு டம்ளர் உடைந்தது. "மிக்சர்தான்" என்றார் இவர், அடுப்படியிலிருந்து. அந்த நேரம் மிக்சர் வராந்தாவில் என் காலடியில் கிடந்த மாதிரி எனக்கு நினைவு. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், சரியாகக் கவனித்திருக்க மாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

டேப் வேலை செய்கிறது. காலை வைத்ததும் மிக்சர் பதறி எடுத்து உதறியது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கண்டுகொள்ளக் கூடாது அல்லவா.

புட்டு அவித்திருந்தேன். இவர் ஸ்பூன் கேட்டார். இப்போதெல்லாம் தோசைக்கும் ஸ்பூன்தான். கேட்டால், கையில் மருந்து வாடை போகவில்லை என்கிறார். லேப்பிலும் ரத்தம் எடுக்கிற வேலையைப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாராம், அவள் பழகட்டுமாம். நல்லதுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் தவசிங் சார் ஊசி போட்டது தெரியவில்லை என்பார்கள். அந்தக் கைப்பழக்கம் அவளுக்கும் வரட்டும்.

ஜூன் 19, வியாழன்

விசில் ஊதினால் மிக்சர் ஓடி வருகிறது. மாடியில் கிடந்தாலும் வருகிறது. பத்தாம் வகுப்பு பி பிரிவு இன்னும் இந்த நிலைக்கு வரவில்லை.

வாஷ்பேசினுக்குள் படுப்பதை விட்டாயிற்று. கிண்ணம் கவிழவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொள்ள இவருக்கு வெகுநேரம் ஆகிறது. வயதாகிறது என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. மறுபடி பொத்தானோடு மல்லுக்கட்டினார். நான் போய்ப் போட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 21, சனி

காலையில் இவர் லேப்புக்குப் போனதும் மிக்சரைக் கூடையில் போட்டுக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டேன். மதியம் அறுவை. நாளை வந்து கூட்டிப் போகச் சொன்னார்கள். இவரிடம் சொன்னால் கலங்கிப் போவார் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம், வாலிபால் பயிற்சி.

திரும்பி வந்தபோது நடுவீட்டுத் தரை ஈரமாகத் துடைத்துக் கிடந்தது. அலமாரியில் என் கண்ணாடிக் கோப்பை இல்லை. மாநிலப் போட்டியில் ஜெயித்த வருடம் என் பிள்ளைகள் அவர்கள் காசில் வாங்கித் தந்தது. சனிக்கிழமைதோறும் இவர்தான் அதை எடுத்துத் துடைத்து வைப்பார், மதியச் சாப்பாட்டுக்கு வந்ததும்.

"மிக்சர் தட்டி விட்டுட்டு" என்றார். "நான் அடுப்படியில நின்னேன். சத்தம் கேட்டு ஓடி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. பீரோ மேல் படுத்துத் தூங்குகிறது, அதை ஒன்றும் சொல்லாதே என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் பீரோவை அண்ணாந்து பார்க்கவில்லை. "போனா போகுது" என்றேன். காபி போட்டேன். பிறகு, இவர் குளிக்கப் போனதும் வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தேன். மிக்சரை இப்போதுதான் ஆஸ்பத்திரியில் விட்டேன், நாளைக்கு வரும் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்குக் காரணத்தை எழுதத் தேவையில்லை. இது பூனையைப் பற்றிய டைரி.

ஜூன் 22, ஞாயிறு

கோயில் முடிந்து நேராகப் போய் மிக்சரைக் கூட்டி வந்தோம். வயிற்றில் தையல். இவர் வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வந்தார், இடது கையால் தடவிக்கொண்டு.

வீட்டிலிருந்த கண்ணாடி டம்ளர்களைக் கட்டிப் பரண் மேலே போட்டுவிட்டு எவர்சில்வர் எடுத்து வைத்தேன். பூனை வளர்க்கிற வீட்டில் அதுதான் சரி.

ஜூன் 24, செவ்வாய்

கணக்கு டீச்சர் லலிதா சர்க்கரை பார்க்க இவரிடம் போயிருக்கிறாள். அந்தப் பெண் விடுப்பாம், இவரே எடுத்தாராம். "மூணு தடவ குத்திட்டாரு டீச்சர். பாவம், அவருக்கே ஒரு மாதிரியாப் போச்சு" என்றாள். முழங்கைக்குள் கன்றிப்போயிருந்தது. அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஸ்டாஃப் ரூமில் இருப்புக்கொள்ளவில்லை. மைதானத்துக்குப் போய்விட்டேன்.

மிக்சர் நலம். தையலை நக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று நேராகவே கேட்டேன். கையில் ஏதும் வலியா என்று. "ஒண்ணும் இல்ல, கோட்டி பிடிச்ச மாதிரிக் கேக்காத" என்று எழுந்து போய்விட்டார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. இவர் கோபப்பட்டால் தேவலை. இப்படி மெதுவாகச் சாத்தினால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. முன்பு இவருக்கு மஞ்சள் காமாலை வந்ததை நான் கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஊர் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவர், தன் ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது கையை ஏன் மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம். முதலில் டம்ளர் நழுவியது, பிறகு எழுத்து போனது, கடைசியில் இவர்தான் ஊட்டிவிட்டார். கஞ்சி வாயோரம் வழியும்போது மாமனார் கண்ணை மூடிக்கொள்வார். அதை நானும் பார்த்திருக்கிறேன். இவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

இனி செய்ய வேண்டியதை யோசிக்கலாம். வகுப்பில் யார் செய்தது என்று கேட்டால் எவளும் வாய் திறக்க மாட்டாள். அதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. செய்யாதவளைப் பிடித்து, நீதான் செய்தாய் என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவேன். இரண்டாவது சுற்று முடிவதற்குள் செய்தவள் தானாகக் கை தூக்குவாள். இதுவரை தப்பியதில்லை.

ஜூன் 27, வெள்ளி

இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். கோப்பையும் போய், வீட்டில் இருந்த கண்ணாடியெல்லாம் போய், இனி இந்தப் பூனையோடு என்னால் முடியாது. நாங்குநேரியில் என் தம்பி எட்வின் தீவனக் கடை வைத்திருக்கிறான், குடோனில் எலித் தொல்லை, வெகுநாளாகப் பூனை கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

இவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "டாக்டர் சொன்னதெல்லாம் செஞ்சுதானே பாத்துட்டு வாரோம். இன்னும் கொஞ்ச நாள் பாப்போமே" என்றார். திருந்தாத ஜென்மம், எவ்வளவு நாள் பார்த்தாலும் உடைக்கத்தான் செய்யும் என்றேன். மிக்சர் மேஜைக்கு அடியில், நல்ல பிள்ளையாக, இரண்டு முன்னங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த வாரம் அது எதையும் தள்ளவில்லை. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்வினிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவனுக்கு நடிக்க வராது.

ஜூன் 28, சனி

முதல் சுற்று முடிந்தது. கை தூக்கவில்லை.

அலமாரியைத் துடைத்தார். கோப்பை இருந்த இடத்தையும் துடைத்தார். மீன் வாங்கி வந்து முள் எடுத்து மிக்சருக்கு வைத்தார், இடது கையால். ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம். அவர் கடைசி வரை வாய் திறக்காவிட்டால்? அந்த நிலைக்கு நான் யோசித்து வைக்கவில்லை. எட்வின் வண்டியில் மிக்சரை அனுப்பிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு போய்த் திருப்பிக் கேட்பேன்? அதைவிட, டம்ளர் உடையும்போது அடுத்து யார் பேரைச் சொல்வார்? நான் ஆரம்பித்தது எனக்கே சரியா தப்பா என்று தெரியவில்லை. ஆனால் நடுவில் விசில் ஊதி நிறுத்தினால் அவர் இனி எப்போதும் சொல்ல மாட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

எட்வின் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். வழக்கமாகத் தாமதமாக வருகிறவன், இன்றைக்குப் பார்த்து. மூடி வைத்த மூங்கில் கூடையும் கயிறும் கொண்டுவந்திருந்தான். கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டான். எலி எப்படி மூட்டையை ஓட்டை போடுகிறது என்று சாங்கோபாங்கமாகச் சொன்னான். இவர் வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. மிக்சர் வராந்தா வெயிலில் கிடந்தது. நான் தூக்கப் போனேன். "நீ விடு, நானே வைக்கேன்" என்றார் இவர். தூக்கி, கழுத்தில் முகத்தை வைத்து ஏதோ சொல்லி, கூடைக்குள் விட்டார். அது முரண்டு பிடிக்கவில்லை. அவர் வைத்தால் எங்கும் இருந்துகொள்ளும். மூடியைச் சாத்தினார். கயிற்றை எடுத்தார்.

முடிச்சுப் போட வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கயிற்றைப் பிடிக்கவில்லை. நழுவியது. மறுபடி எடுத்தார். நழுவியது. "குடுங்க அத்தான், நான் கட்டுதேன்" என்று எட்வின் குனிந்தான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். கூடைக்குள்ளிருந்து மிக்சர் ஒருதரம் கத்தியது, சாப்பாட்டுக்குக் கத்துவது போலச் சாதாரணமாக.

இவர் கயிற்றைக் கீழே போட்டார்.

"எட்வின், கூடையத் தொறந்து விடு. இது ஒண்ணையும் உடைக்கல."

எட்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தான். இவரும் என்னைப் பார்த்தார். வலது கையைப் பைக்குள் விடாமல் முன்னால் நீட்டினார்.

"கோப்பைய நான்தான் போட்டேன் ஹெப்சி. டம்ளரும் நான்தான். கை நிக்க மாட்டேங்கு. விரல்ல உணர்ச்சியே இல்ல. எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு."

என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக நான் தயாரித்து வைத்திருந்தேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

"எப்பமிருந்து?"

"கோப்பை உடைஞ்ச அன்னைக்கு மிக்சர் காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு. நீங்க பீரோ மேல தூங்குதுன்னு சொல்லும்போது அதுக்கு அங்க வயித்தக் கிழிச்சுத் தச்சுக்கிட்டு இருந்தாங்க."

இவர் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, நிறுத்த முடியாமல். எனக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு நான் மட்டும் சிரிப்பதை நிறுத்தி நன்றாக அழுதேன். எட்வின் கூடையைத் திறந்துவிட்டு, "எனக்குப் பூன உண்டா இல்லையாக்கா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

ஜூலை 2, புதன்

நரம்பு டாக்டரிடம் போனோம். வரவேற்பறையில் இவர் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். டாக்டர் ஊசியால் தொட்டுப் பார்த்து, மணிக்கட்டை மடக்கச் சொல்லி, மின்சாரம் வைத்துச் சோதித்தார். மாமனாருடைய நோய் இல்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்திக் கிடக்கிறதாம். வருடக்கணக்காக ஒரே மாதிரிக் கையை வளைத்து வேலை செய்கிறவர்களுக்கு வருமாம். விட்டு வைத்தது தப்பு, சின்னதாக ஒரு அறுவை செய்துவிடலாம் என்றார். பிடிமானம் திரும்பிவிடும், பழைய நுணுக்கம் முழுக்கத் திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து இவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வேண்டுமென்றே மிக்சரைக் கொடுப்பதாகச் சொன்னாயா என்று. ஆமாம் என்றேன். நான் பேசாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பாயா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "பாவம், ஒன் பிள்ளைக" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சொன்னார். அவர் இரக்கப்பட்டுக்கொள்ளட்டும். வழி வேலை செய்திருக்கிறது, நான் விடப்போவதில்லை.

ஜூலை 10, வியாழன்

அறுவை முடிந்தது. கையில் பெரிய கட்டு. மிக்சருக்கும் இவருக்கும் ஒரே மாதிரி மீன் முள் எடுத்து வைக்கிறேன். தட்டை மாற்றி வைக்காமல் இருந்தால் சரி.

சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினேன். கண்ணை மூடிக்கொள்வார் என்று பயந்தேன். மூடவில்லை. உப்பு குறைவு என்றார்.

ஜூலை 19, சனி

டாக்டர் சண்முகவடிவிடம் போய் இந்த மாதக் கணக்கைச் சொன்னேன். டைரியைக் காட்டவில்லை, வாயாலேயே சொன்னேன். பேசின் பழக்கம் போயிற்று, பிளாஸ்டிக் போயிற்று, தள்ளுவது அறவே போயிற்று. நீங்கள் நல்ல மாணவி என்றார். கர்வமாக இருந்தது. இனி மேஜை ஓரத்து டேப்பை எடுத்துவிடலாம் என்றார். வந்ததும் எடுத்துவிட்டேன்.

மாலையில் இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். கட்டுப் பிரித்து, சின்ன உறை மட்டும் போட்டிருந்தார். மேலே கட்டிப் போட்ட கண்ணாடி டம்ளர்களில் இரண்டை நான்தான் இறக்கி வைத்திருந்தேன். மிக்சர் வந்து மேஜையில் ஏறியது. ஓரத்தைக் காலால் தொட்டுப் பார்த்தது. ஒட்டவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இவருடைய டம்ளரை, அவசரமே இல்லாமல், விளிம்பு வரை நகர்த்திக் கீழே தள்ளியது.

சத்தம் அடங்குவதற்குள் இவர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், வகுப்பில் தூக்குவது போல.

"டீச்சர், சத்தியமா இது நான் இல்ல."

கத்தக் கூடாது, ஓடக் கூடாது, கண்டுகொள்ளவே கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும். நான் மிக்சரைப் பார்க்கவுமில்லை, உடைந்ததைப் பொறுக்கவுமில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் வெகுநேரம் அதைக் கீழே இறக்கவில்லை.